டாக்டர் கேட்டதும் மச்சான் சொன்னதும்

எங்கள் வீட்டில் ஆம்பிளைக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் கூடப் போவது மச்சான்தான். பெண்டாட்டி வெளியே மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என்னோடு அறைக்குள் வந்தது என் மனைவியின் தம்பி. சிங்கப்பெருமாள் கோயிலில் வேன் ஓட்டுகிறவன். பாசக்காரன், வாய்தான் சும்மா இருக்காது.

புராஸ்டேட்டில் புற்றுநோய், இன்னும் வெளியே பரவவில்லை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், இல்லையென்றால் கரண்ட் வைக்கலாம், அதாவது கதிர்வீச்சு. என் விஷயத்தில் இரண்டிலும் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதானாம். ஆபரேஷன் என்றால் சில மாதம் சிறுநீர் கசியலாம், தாம்பத்தியம் உடனே பாதிக்கலாம். கரண்ட்டில் அந்தப் பாதிப்பு மெதுவாக வரும், வராமலும் போகலாம்.

"உங்களுக்கு அது முக்கியமா?" என்று என்னைக் கேட்டார்.

முக்கியம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சிரித்துவிட்டான். "இன்னா சார் நீங்க, பேத்தி ஸ்கூலுக்குப் போய்கினு கீது. மாமாவுக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு? ஆபரேஷனே பண்ணிடுங்க."

அவன் அக்காவோடு நான் வாழ்கிற வாழ்க்கையை அவன் முன்னால் எப்படிப் பேசுவது? அசட்டுச் சிரிப்போடு தலையாட்டினேன். அடுத்த திங்கட்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். எலிப்பொறியில் மாட்டியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கள கேட்டாங்க, அவன் பதில் சொன்னான். என்னிய யாருமே கேக்கலியே. எனக்கு இன்னா அப்பிடி வயசாயிடுச்சு? அவனுக்கு போன் போட்டு, கரண்ட்டே வெச்சிக்கிறேன்னு சொல்லுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். உடனே மச்சானுக்குப் போன் போட்டேன்.

கத்தி என்றால் பயமாக இருக்கிறது என்றேன். "நான் கீறேன் இல்ல மாமா, இன்னா பயம்?" என்றான். லீவு போட்டால் கல்பாக்கத்தில் நான் பார்க்கிற கட்டட வேலை போய்விடும் என்றேன். அங்கே மேஸ்திரியிடம் ஏற்கெனவே பேசிவிட்டானாம். ரத்தம் கொடுக்கப் படாளம் ஊரிலிருந்து சொந்தக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தான்.

"சும்மா பேஜாராவாத மாமா. நெஜமான காரணம் இன்னா, அத்த சொல்லு."

ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது என் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல மச்சான். திங்கக்கிழமையே வெச்சிக்கலாம்" என்றேன், அவள் பக்கம் திரும்பாமல்.