கழுவாத வண்டி

வேகம் எண்பதைத் தொட்டால் எங்கள் பிக்கப் வண்டி ஆடும். ஒரு நாள் ஆடும், மறுநாள் ஆடாது. என் வீட்டுக்காரர் இண்டூரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு ஓசூர் போவார். ஹைவேயில் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் கையில் கிடுகிடுவென்று நடுங்குமாம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினால் ஒன்றுமே தெரியாதது மாதிரி சாதுவாகிவிடுமாம். ஆடினால் ஆடட்டும், எனக்கென்ன என்று என்னால் இருக்க முடியவில்லை. அந்த வண்டியைக் கொடுத்தது என் அண்ணன்.

அண்ணன் பொம்மிடியில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பெரிய வண்டி எடுத்ததும், பழையதை வெளியாளுக்குத் தர மனசில்லாமல் எங்களுக்கே கொடுத்தார். ஹைவே ஓரத்துப் பட்டறை மெக்கானிக் ஒருதரம் தலையைச் சொறிந்துகொண்டு, "சேசிஸ், அதான் அடிச்சட்டம், எங்கியாவது அடி வாங்கியிருக்குமோ என்னமோ, குடுத்தவங்கள ஒரு வார்த்த கேளுங்க" என்று சொல்லித் தொலைத்தான். இவர் கேட்டாரா? போனைப் போட்டு, "தங்கச்சி வூட்டுக்கே அடிபட்ட வண்டிய தள்ளி வுட்டுட்டீங்களே, நல்லா இருப்பீங்களா" என்று கத்தினார். "அடிகிடி ஒண்ணும் படலீங்க மாப்ள" என்றார் அண்ணன். அதோடு போனை வைத்துவிட்டார். அப்புறம் கூப்பிடவே இல்லை.

அதுவும் எப்போது? என் மகள் பெரியவளாகி, மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்த பிறகு! தாய்மாமன் சீர் இல்லாமல் என்ன சடங்கு? இவரோ, "உங்கண்ணன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றுவிட்டார். மகள் வந்து, "மாமா எந்தக் கலர்ல பட்டு எடுப்பாங்க?" என்று கேட்பாள். நான் அடுப்படிக்குள் நழுவிவிடுவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. களி கிண்டும்போதும் காது ரோட்டிலேயே இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அவர் மூஞ்சியைப் பார்ப்பேன். இன்றைக்கு ஆடிற்றா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பட்டறைக்குப் போகாமல் இல்லை. அலைன்மெண்ட் பார்த்தார்கள், பேலன்ஸ் பார்த்தார்கள், அடியில் சுற்றுகிற தண்டின் ஜாயிண்டைக் கழற்றி மாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் ஹைவேயில் விரட்டிப் பார்ப்பான். வண்டி வாயே திறக்காது. "எனக்கு ஆடலீங்களே" என்று சாவியை நீட்டுவான். திரும்பத் தக்காளிக் காட்டுக்குள் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தால், சனியன், பழையபடி ஆட்டம்.

பட்டறைக்குக் கிளம்பும் முன் வண்டியைக் கழுவுவது என் வேலை. அழுக்கு வண்டியைக் கொண்டுபோனால் அடியில் படுத்து வேலை செய்கிறவன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்? பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதென்றால் மூஞ்சி கழுவாமலா கூட்டிப் போவோம்? போர்வெல் மோட்டாரைப் போட்டு, சக்கரத்து ஓட்டைகளுக்குள்ளேயும் ஓஸை விட்டுத் தண்ணீர் அடிப்பேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

அன்றைக்கும் அப்படித்தான். முந்தின நாள் மழையில் காடெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. முன்சக்கரத்துக்குள் ஓஸை விட்டதும் தொப்பென்று ஒரு மண்கட்டி விழுந்தது, களி உருண்டை அளவுக்கு. இத்தனை நாளும் சேறுதானே என்று காலால் தள்ளியிருப்பேன். அன்றைக்கு ஏனோ கையில் எடுத்தேன். நல்ல கனம். எங்கள் வாஷிங் மெஷினில் போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால், சுற்றும்போது மெஷினே இடம் பெயர்ந்து ஆடும். சக்கரமும் சுற்றுகிறதுதானே, ஒரு பக்கம் மட்டும் இந்தக் கனம் ஒட்டிக்கொண்டால்? ஐயோ சாமி! மெக்கானிக் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே நான் அல்லவா அதைக் கழுவிக் கழுவி விட்டிருக்கிறேன்!

மோட்டாரை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட? நேரமாவுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னைக்கு கழுவல. இப்படியே வுடுங்க பட்டறைக்கு. நானும் வர்றேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கு? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எங்கண்ணன அந்தக் கத்து கத்துனீங்களே, அப்ப யாரு பாத்து என்ன நெனப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

"என்னக்கா, காட்டையே தூக்கியாந்துட்டீங்க" என்றான் மெக்கானிக். மண்கட்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஹைவேக்கு விட்டான். எண்பதில் வண்டி உதறியது. என் சீட்டே நடுங்கியது. நான் சந்தோஷத்தில் கைதட்டிவிட்டேன். பட்டறைக்குத் திரும்பி, ஜாக்கி போட்டு, மற்ற சக்கரங்களின் உள்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். பாளம் பாளமாக விழுந்தது. மறுபடி ஹைவே. எண்பது, தொண்ணூறு. ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

"சேசிஸெல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க. சேறுதான்" என்றான்.

இவர் சாவியை வாங்கிக்கொண்டார். வரும் வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார்.

"உங்கண்ணனுக்கு நீ ஒரு போன் போட்டு வரச் சொல்லிடேன்."

"நான் எதுக்கு? திட்டுனது என் வாயா? நீங்களே பேசுங்க."

நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மச்சான், வண்டியில ஒண்ணுமில்லீங்க. வெறும் சேறுங்க. நான் ஒரு வேகத்துல வாய வுட்டுட்டேன். சடங்குக்கு நீங்கதான் முன்ன நிக்கணும். உங்க வூட்டாளுங்க எல்லாரையும் ஏத்தியார நானே வண்டி எடுத்துட்டு வர்றேனுங்க."

அந்தப் பக்கம் கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"என் மருமவ சடங்குக்கு நான் வராம இருப்பனுங்களா? பட்டெல்லாம் எடுத்து வெச்சிட்டேன்" என்றார் அண்ணன். எனக்குக் கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது. "வண்டி வேண்டாமுங்க மாப்ள. நாங்க பஸ்ல வந்துக்கறோம்."

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. சடங்கன்று கொளுத்துகிற வெயிலில், பஸ் ஸ்டாப்பிலிருந்து சீர்த்தட்டும் கையுமாக எல்லோரும் நடந்தே வந்தார்கள். பிக்கப் வாசலில் சும்மா நின்றது. இவர் ஓடிப்போய், அண்ணன் கையில் இருந்த தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

"இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணன் அவரைத் தாண்டி உள்ளே வந்தார்.