கைகொடுக்கத் தேவையில்லாத செற்றி

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் திரும்பிப் போகும்போது என் கணவர் காரடிவரை போய் வழியனுப்பிவிட்டுத்தான் வருவார். மழை, பனி எதுவும் கணக்கில்லை. உள்ளே இருந்து பேசாத கதையெல்லாம் காரின் கதவைத் திறந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வரும். டுசல்டோர்ஃபில் நாங்கள் இருக்கும் தெருவில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஜெர்மன்காரர் கிடையாது. நான் ஜன்னலைத் திறந்து, "வந்தவரை வீட்டுக்குப் போக விடுங்கோவன்!" என்று கத்துவேன்.

முழங்கால் ஒப்பரேசனோடு அந்தப் பழக்கம் நின்றுபோனது. மனுசன் நன்றாகத்தான் தேறி வந்தார். நடந்தார், படி ஏறினார், காலையில் பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தார். ஆனால் வந்தவர்கள் எழும்பினால் இவர் மட்டும் ஹோலில் இருந்தபடியே, "சரி, பாத்துப் போட்டு வாங்கோ" என்று கையைக் காட்டுவார். வலியாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய கூட்டாளியை வாசலில் அனுப்பிவிட்டு ஹோலுக்குத் திரும்பினேன். இவர் செற்றியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பினார். பொதுக்கென்று பின்னால் விழுந்தார். மறுபடியும் எழும்பப் பார்த்தார், மறுபடியும் விழுந்தார். என்னைக் கண்டதும் ரிமோட்டைத் தேடுவதுபோல மெத்தைக்குள் கையை விட்டுத் துழாவினார். நான் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை.

"நீர் உம்மட வேலையைப் பாரும்."

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அவர்மேல் இல்லை, அந்தச் செற்றிமேல். சோபாவை நாங்கள் செற்றி என்றுதான் சொல்வோம். ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது அது, உயரம் குறைந்தது, பஞ்சுபோல மெத்தென்றது. அழுக்குப் படக்கூடாது என்று நம்மட ஆட்கள் எல்லாரையும் போல நானும் பெட்சீற் விரித்து மூடி வைத்திருந்தேன். அன்றைக்கு அந்தச் சீற்றை உரித்துப் பார்த்தால், துணி கடையில் வாங்கியபடியே பளபளவென்று இருக்கிறது, உள்ளே மெத்தை செத்துக் குழியாகிக் கிடக்கிறது. ஆளை விழுங்குகிற குழி.

மகளிடம் சொன்னேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள். "அம்மா, அதுக்கெண்டு கதிரை இருக்கு. பட்டனை அமத்தினா அதுவே ஆளை எழுப்பிவிடும். இன்சூரன்ஸுக்கு ஒரு அன்ராக் எழுதிப் போட்டுக் கேட்டுப் பாப்பம்" என்றாள். அடுத்த அறையில் இருந்த மனுசன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

"நாலு பேருக்கு முன்னால பட்டனை அமத்தி எழும்பிறதோ? உன்ர அப்பா அதில இருப்பார் எண்டு நினைக்கிறியோ?" என்றேன் மெதுவாக. 

புதுச் செற்றி வாங்கவேண்டும், ஆனால் அவருக்காக வாங்கியது என்று யாருக்கும் தெரியக்கூடாது, அவருக்கே தெரியக்கூடாது. இதுதான் என் முடிவு. அவருடைய லோங்ஸின் கால் நீளத்தைக் கட்டையாக்கப் போகிறேன் என்று சொல்லி, குசினிக் கதிரையில் இருத்தி, நிலத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை அளவு நாடாவால் அளந்தேன். "இருந்துகொண்டோ லோங்ஸுக்கு அளவு எடுக்கிறது?" என்றார். "ஓம், இதுதான் புது முறை" என்றேன்.

கடைக்கு மகளும் நானும் போனோம். விற்பனையாளர் எங்களை நேரே ஒரு பென்னாம்பெரிய செற்றியடிக்குக் கூட்டிப்போனார். மகளுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. "இதில் இருந்தால் எழும்பவே மனம் வராது" என்று அவர் பெருமையாகச் சொன்னார். "அப்படியானது ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை எறியத்தான் வந்திருக்கிறோம்" என்றேன் ஜெர்மனில். மகள் வேறு பக்கம் பார்த்தாள்.

அதன் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. முதலில் நாடாவைப் பிடித்து உயரம் பார்த்தேன். அவருடைய முழங்கால் மடிப்புக்குக் கீழே நிற்கிறதெல்லாம் கழிந்தது. மிச்சத்தில் ஒவ்வொன்றாக முன்பக்கத்து ஒரு காலைத் தூக்கினேன். மற்றக் காலும் உடனே கூட வந்தால் சட்டம் உறுதி. முறுகிக்கொண்டு நின்றால் வேண்டாம். மெத்தை உறையின் ஸிப்பைத் திறந்து உள்ளே இருந்த ஃபோமை முஷ்டியால் அமத்தினேன், கையை எடுத்ததும் நிமிர்கிறதா என்று. கைப்பிடியில் என் முழுப் பாரத்தையும் போட்டு ஊன்றி எழும்பினேன். நானும் லேசான ஆளில்லை. அசையாத ஒன்றுதான் மிஞ்சியது.

துணிக்கு மாதிரித் துண்டுகள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி மீன்குழம்பு விட்டுக் காயவைத்துக் கழுவிப் பார்த்தேன். மகளுக்குப் பிடித்த பால்நிறத் துணியில் மஞ்சள் அப்படியே இருந்தது. நெருக்கமாக நெய்த புளியங்கொட்டை நிறத் துணி என் குழம்பையும் வென்றுவிட்டது.

செற்றி வந்து இறங்கியது. மகள் இருந்து பார்த்துவிட்டு, "பஸ் ஸ்ரொப் பெஞ்ச் மாதிரி இருக்கம்மா" என்றாள். இவர் சுற்றிவந்து பார்த்தார். "நல்லாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக் கதிரையில் போய் இருந்துகொண்டார். என் கண்முன்னால் அதில் இருக்கவே மாட்டேன் என்று நின்றார்.  அளவு பிழைத்துவிட்டதோ? ஆனாலும் அந்தச் செற்றியை பெட்சீற் விரிக்காமல், ஹீற்றருக்குக் கிட்ட வைக்காமல், தூசு உறிஞ்சி, மெத்தைகளை மாற்றிப் போட்டு, பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு கூட்டாளி வந்தார். வேறு வழியில்லாமல் இவரும் செற்றியில் போய் இருந்தார்.

"என்ன மச்சான், கல்லு மாதிரிக் கிடக்கு?" என்றார் கூட்டாளி.

"அண்ணை, அது இருக்கிறதுக்கு வாங்கினது. நித்திரை கொள்ளுறதெண்டா உங்கட வீட்ட போங்கோ" என்றேன்.

ஊர் அரசியல் சூடுபிடித்தது. கூட்டாளி கையை வீசிக் கதைத்ததில் தேத்தண்ணி மெத்தையில் சிந்தியது. மனுசன் பதறிப்போய்ச் சட்டைக் கையால் தேய்க்க வெளிக்கிட்டார். "ஐயோ, தேய்க்காதேங்கோ!" என்று பாய்ந்து, வெள்ளைத் துணியை வைத்து ஒற்றி எடுத்தேன். ஈரம் போனது, கறையில்லை.

பிறகு கூட்டாளி எழும்பினார். நான் குசினி வாசலில் அந்தத் துணியோடு நின்றேன். இவர் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினார். என் கால் தானாக ஒரு அடி முன்னுக்குப் போனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் முன்னுக்குச் சாய்ந்தார். எழும்பினார். ஒரே தரத்தில், நிமிர்ந்து. கூட்டாளி அதைக் கவனிக்கவேயில்லை, அவர் தன் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நில்லடாப்பா, காரடிக்கு நானும் வாறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துணியால் கண்ணைத் துடைத்தேன், தேத்தண்ணி மணத்தது. ஜன்னலால் பார்த்தால் இருவரும் காரடியில் நிற்கிறார்கள். குளிர் காற்று அடிக்கிறது, இவர் ஜாக்கெட்டும் போடவில்லை. கூட்டாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார், இவர் விடுகிறபாடாக இல்லை. கத்துவதற்கென்று ஜன்னல் பிடியில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு, செற்றியில் அவர் இருந்து எழும்பிய இடத்திலேயே போய் இருந்தேன். எவ்வளவு நேரமென்றாலும் கதைக்கட்டும்.