மூன்று முறை கூப்பிட்ட பெயர்

கோர்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுபதுகளில் நான் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் டவாலி. கேஸ் எடுத்ததும் குற்றம் சாட்டப்பட்டவர் பெயரை வராந்தாவில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். என் குரலுக்கு எதிர் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். அதில் எனக்குப் பெருமை வேறு, கேட்பானேன்!

கோமளா மந்தைவெளியில் பள்ளிக்கூட டீச்சர். தி. நகர் ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி திருடியதாக அவர்மேல் கேஸ். துணி பைக்குள் எப்படி வந்தது என்றே அவருக்குத் தெரியாது. கடைக் கூட்டத்தில் கைதவறி விழுந்திருக்கும் என்றார் வக்கீல். குற்றத்தை மறுத்தால் விசாரணையில் கேஸ் நிற்காது, ஒத்துக்கொண்டால் டீச்சர் வேலையே போய்விடும் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

முதல் வாய்தா அன்று நான் கூப்பிட்டேன். ரோட்டில் போன ஒரு பெண்மணி நின்று, "நம்ம கோமளா டீச்சரா?" என்று எட்டிப் பார்த்தார். டீச்சர் கூனிக் குறுகிப் போனார். வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்ததால் கேஸை அன்று மதியத்துக்குத் தள்ளி வைத்தார்கள். டீச்சர் என்னிடம் வந்தார்.

"இன்னும் எத்தனை தடவை இப்படிக் கூப்பிடுவேள்?"

"கேஸ் முடியிற வரைக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூப்புடணும்மா."

"கொஞ்சம் மெதுவா கூப்பிடக் கூடாதா?"

"ரூல்ஸ் அப்டி கீது. நான் இன்னா செய்யட்டும்?"

வக்கீல் வந்ததும் கேஸை எடுத்தார்கள். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "ஒத்துக்கறேன்" என்றார் டீச்சர். வக்கீல் பதறி எழுந்தார். மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். யாராவது மிரட்டினார்களா, மறுத்தால் விசாரணை உண்டு என்பது தெரியுமா என்று பொறுமையாகக் கேட்டார். யாரும் மிரட்டவில்லை, நான்தான் எடுத்தேன் என்று டீச்சர் தரையைப் பார்த்தபடி சொன்னார். அபராதம் போட்டார்கள்.

கட்டிவிட்டு வெளியே வந்தவர் என் எதிரே நின்றார்.

"இனிமே என் பேரைக் கூப்பிட மாட்டேளே?"

இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு அப்பாடா என்றிருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கூண்டில் ஒருவர் ஒத்துக்கொண்டால், அவர் செய்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிடாதீர்கள். வாசலில் நம்மால் பட்ட வெட்கம் தாங்காமலும் சொல்லியிருக்கலாம்.