செட்டுக்குள் தண்ணீர் வந்த வழி

கார் ஸ்டீரியோ ரிப்பேர் என்பது மற்ற மாதங்களில் தொழில். ஐப்பசி, கார்த்திகையில் அது போலீஸ் வேலை. மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் எனக்குக் கடை. முதல் தடவை வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, மெக்கானிக் இல்லையா என்று கேட்பார்கள். ஒரு பொம்பளை நான்தான் என்று சொன்னால் கையிலிருக்கும் செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். பழகிவிட்டது.

போன மழையில் உங்கள் காருக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தால் நீங்களும் என் இனம்தான். உட்காருங்கள், சேர்ந்தே புலம்புவோம். அந்த ஒரு வாரத்தில் வந்த செட்டுகள் எல்லாமே நனைந்தவை. அதில் ஒன்றோடு மட்டும் நான் மல்லுக்கு நின்றேன். ஒரு டிரைவரின் பதினோரு வருட வேலை அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

முதல் கேள்வி

நனைந்த செட்டை யார் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது, தண்ணீர் பட்ட பிறகு சாவி போட்டீர்களா என்பதைத்தான். ஈரத்தோடு கரண்ட் போகாமல் இருந்தால் பாதி செட்டுகள் பிழைத்துவிடும். காயவைத்து, துடைத்து அனுப்பிவிடலாம். ஆனால் நம் ஊரில் கார் முழங்கால் தண்ணீரில் நின்றாலும் முதல் வேலையாகப் பாட்டு வருகிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். கேட்டால் ஒருவர்கூட ஒப்புக்கொள்வதில்லை.

அடையாறிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், சாவியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். செட்டைத் திறந்தேன். ஃபியூஸ் கருகியிருந்தது, பக்கத்தில் ஐசி என்கிற சின்னச் சில்லு ஒன்று வெடித்திருந்தது, கடை முழுக்கத் தீய்ந்த வாசனை. கரண்ட் இல்லாமல் இப்படி ஆகாது என்று அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் போடல மேடம். அதுவா போட்டுக்கிச்சு."

ஒப்புக்கொண்டவர்

வியாழக்கிழமை காலை ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஏழுமலை, பட்டினப்பாக்கத்துக்காரர். வண்டி, மயிலாப்பூரில் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாட்டு டீச்சர் மாமியுடையது. இரவெல்லாம் கொட்டிய மழையில் செட் நனைந்துவிட்டது. அவர்கள் தெருவில் தண்ணீர் கணுக்காலுக்குக்கூட நிற்கவில்லை. ஆகவே, ஏழுமலை ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று மாமி முடிவு கட்டிவிட்டார். வகுப்பு முடியும்வரை வண்டிக்குள் உட்கார்ந்து ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு இவர் பாட்டு கேட்பதைத் தெருவே பார்த்திருக்கிறது, அதனால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வண்டியை எடுக்க மாமி நேரில் வருவார். இவர் தப்புதான் என்றால் அதோடு சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியது.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்ததும் நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, யோசிக்கவும் இல்லை. "போட்டேன்க்கா. நாலு தபா போட்டேன். அத்த நான்தான் எரிச்சேன். ஆனா ஜன்னல் நான் தொறக்கல." நானும் எத்தனையோ மழை பார்த்துவிட்டேன், இப்படி ஒரு பதிலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. தன் தலையில் தானே ஒரு தப்பைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர் இன்னொன்றை ஏன் மறைக்கப்போகிறார்? தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் இந்தக் காரைத் தெருவை விட்டு அனுப்புவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அரிசி

செட்டைக் கழற்றி, மேல்மூடியை எடுத்து, குண்டு பல்பின் கீழே காயவைத்தேன். குறைந்தது இரண்டு நாள். ஏழுமலைக்கு அது இரண்டு வருடம். பட்டினப்பாக்கம் மணலில் நல்ல வெயில், ஒரு மணி நேரம் வைத்து எடுத்துவரட்டுமா என்றார். உப்புக்காற்றில் வைத்தால் செட்டைக் கருவாடாகத்தான் திரும்பக் கொண்டுவருவீர்கள் என்று உட்கார வைத்தேன்.

அன்றைக்குத்தான் அசோக் நகரிலிருந்து ஒரு அம்மா வந்தார். செல்போன் நனைந்தால் அரிசிக்குள் வைப்பார்களே, அதே மாதிரி கார் செட்டைக் கழற்றி மூன்று நாள் அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருந்தார். சிடி போடும் இடுக்கு வழியாக ஒரு பிடி அரிசி உள்ளே போய், இருந்த ஈரத்தை எல்லாம் குடித்து ஊறிப்போயிருந்தது. சிமிட்டா இடுக்கியை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கவரை எடுத்து நீட்டினார்: "அரிசிய இதுல போட்டுடுங்க. பழைய பொன்னி." நான்கு நாளில் ஏழுமலை சிரித்தது அப்போது மட்டும்தான்.

முன்னும் பின்னும்

சனிக்கிழமை ஏழுமலையின் செட்டைப் பிரித்தேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருந்தால் முன்பக்கப் பட்டன்களில்தான் முதலில் கறை தெரிய வேண்டும். அங்கே சுத்தமாக இருந்தது. கதவில் இருக்கும் ஸ்பீக்கரையும் கழற்றிப் பார்த்தேன்; அதன் முகத்தில் இருக்கும் காகிதம் ஒரு சொட்டுப் பட்டாலும் உப்பிவிடும், அதுவும் விறைப்பாகவே இருந்தது. பச்சைக் களிம்பு பூத்திருந்தது செட்டின் பின்பக்கத்தில் மட்டும். அப்படியானால் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுப் போர்டைத் துடைத்து, ஃபியூஸையும் எரிந்துபோன ஒரு ஐசியையும் மாற்றினேன். மேஜைமேல் செட் பாட ஆரம்பித்தது. பக்கத்துக் கடை ஏசி மெக்கானிக் பாபு, வேலை முடிந்ததே, இன்னும் எதற்குக் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறாய் என்று கேட்டார். செட் பாடுவது மாமிக்குப் போதும், ஏழுமலைக்குப் போதாது என்றேன். பச்சைக் கறையைக் காட்டினால் மாமி நம்புவாரா? தண்ணீரையே காட்ட வேண்டும். பாபு தலையில் அடித்துக்கொண்டார்: "வண்டிக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா நீ இன்னா கேசு நடத்திகினு கீற?"

குடம் குடமாக

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. அதனால்தான் வந்தேன். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, டார்ச்சோடு நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டேன். ஏழுமலை அடிபம்பில் தண்ணீர் அடித்துவந்து, நான் சொன்ன இடத்தில் மட்டும் மக்கில் மொண்டு ஊற்றினார். முன்கண்ணாடி ஓரத்தில் நான்கு குடம், உள்ளே ஒன்றுமில்லை. வைப்பருக்குக் கீழே மூன்று குடம், ஒன்றுமில்லை. கதவுகள், ஒன்றுமில்லை. எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஏழுமலை குடத்தைக் கீழே வைத்துவிட்டு, விட்டுவிடலாம் என்று மெல்லச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில், அடுத்த குடத்தைக் கொண்டுவந்துவிட்டுப் பேசுங்கள் என்று கத்திவிட்டேன்.

அந்தக் குடத்தைக் கூரைமேல், ஆன்டெனா முளைத்திருக்கும் இடத்தில் ஊற்றச் சொன்னேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். ஆன்டெனாவின் ஒயர் கூரைக்குள்ளிருந்து செட் இருக்கும் இடத்துக்கு இறங்கி வருகிறது அல்லவா, அதன் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு என் மூக்கில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. வெளியே ஓடிவந்து ஆன்டெனாவைக் கழற்றினேன். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் பாதி கிழிந்து, கிழிசலுக்குள் வாழைநார்த் துண்டுகளும் கறுத்துப்போன மல்லிகைக் காம்புகளும் கிடந்தன.

ஏழுமலையைக் கேட்டேன். மாமி வெள்ளிக்கிழமைதோறும் கோயிலிலிருந்து வந்ததும் ஆன்டெனாவில் பூ கட்டுவாராம். பானெட்டில் வைத்தால் பறந்துவிடும் என்று இந்த ஏற்பாடு. முடிச்சு இறுகிவிடுமாம், அதனால் போன வாரப் பூவை வெடுக்கென்று பிடித்து இழுத்துத்தான் எடுப்பாராம். இழுத்து இழுத்தே ஆன்டெனா ஆட்டம் கண்டிருக்கிறது. நான்கு நாளாக அந்தக் காய்ந்த பூ என் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. நம் ஊரில் வண்டியில் பூ இல்லையென்றால்தானே திரும்பிப் பார்ப்போம். வெற்றி என்று நான் குதிக்கிறேன், ஏழுமலை முகமோ வெளுத்துவிட்டது. "யக்கா, பூவ பத்தி மாமிகிட்ட வாயே தொறக்காத. ரப்பர் பழசுன்னு சொல்டு. சாமி விசயத்துல அவங்க மேல பழி போட்டேன்னு ஆயிடும், அப்பால எனக்கு அந்த ஊட்ல எடமே இருக்காது."

மாமி

திங்கட்கிழமை மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். பாதி ராத்திரி நான் யோசித்திருந்தேன். ரப்பர் பழசு என்று சொன்னால் பொய்யும் இல்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மாமி மறுபடி இழுப்பார், அடுத்த மழையில் மறுபடி இவர்தான் ஜன்னலைத் திறந்தவர் ஆவார். புது வளையமும் போடாமல், செட்டையும் பொருத்தாமல் வைத்திருந்தேன். மாமியை வண்டிக்குள் உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றச் சொல்லி, கூரையில் நானே ஒரு குடம் ஊற்றினேன். ஒயர் நுனியிலிருந்து சொட்டுவதை அவரே பார்த்தார். பிறகு அந்த நாரையும் காம்புகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஏழுமலை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மாமி அதை விரலால் கிளறிப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "ஏழுமலை, நான் இழுக்கறச்சே நீ பக்கத்துல நின்னுண்டுதானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமையில் பூவைத் தொடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது என்றார் ஏழுமலை, திரும்பாமலே.

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தெரு முழுக்க உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்று அதே தெருவில் நானே சொல்கிறேன், நாளைக் காலை எப்போதும்போல வந்துவிடு என்றார். பதினோரு வருடத்தில் மாமி ஒரு தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் முறை என்று பிற்பாடு ஏழுமலை சொன்னார். அந்த நிமிடத்தில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கார் சாவியை எடுத்து மாமி கையில் வைத்தார். வேலையை விடுகிறார் என்றே நினைத்தேன். "நாளைக்கி வரல மாமி. நாலு நாளா தூங்கல. நாளைக்கி தூங்கிட்டு, புதங்கெழம வர்றேன்."

தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதை எத்தனை குடம் ஊற்றியாவது கண்டுபிடித்துவிடலாம், அதை வண்டிக்குச் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் என் டூல்பாக்ஸில் இன்றுவரை ஒரு சாமானும் இல்லை.