ஹல்டா தன் பெயரை நீக்கிய விதம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர் ஒபதியா பிராட்நெல். 1638இல் வந்தார், வேலி போட்டார், அடுத்தவர் வேலியைக் குறை சொன்னார், இறந்தார். அவருடைய வம்சத்தார் சங்கம் ஆண்டுக்கொருமுறை விருந்துக்குக் கூடி, அவர் வந்ததற்காகத் தம்மைத் தாமே பாராட்டிக்கொள்ளும்.

யார் வம்சம், யார் வெறும் ஊர்க்காரர் என்று தீர்மானிப்பவர் நூலகத்தில் வேலை பார்த்த ஹல்டா வின்ஸ்லேட். இருபத்தாறு வருடமாகச் சங்கத்தின் பதிவாளர். தலைமுறைக்கு ஒரு சான்று வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிராகரிப்புக் கடிதம். ஒரு நீதிபதி அழுதிருக்கிறார். சங்கத்தை விட்டால் ஹல்டாவுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது ஊரறிந்தது.

அவருடன் பள்ளியில் படித்த குழாய் ரிப்பேர்க்காரர் ஓரின் பீஸ் மூன்று முறை நிராகரிக்கப்பட்டவர். நான்காம் முறை, 1957இல், ஒரு பழைய பைபிளோடு நூலகத்துக்கு வந்தார்.

"பரண்ல கெடந்துச்சு. இதுவும் பத்தாதுன்னா ஒபதியாவையே தோண்டி எடுத்துட்டு வரேன்."

"அவரும் சான்றோடதான் வரணும்," என்றார் ஹல்டா.

குடும்பத்தின் பிறப்பு, இறப்புகளை எழுதிவைக்கும் முன்தாளில் ஒபதியாவின் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். ஓரின் தம் முன்னோர் என்று காட்டிய மகள் மெர்சியின் வரி சரியாக இருந்தது. அதற்கு மேல்வரியில் மகன் சேத்: மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தான்.

ஹல்டா சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்ததே அந்த சேத்தின் வழியாகத்தான். சங்கத்தின் ஏட்டில் அவன் ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பன். மூன்று வயதில் இறந்தவனுக்கு இது சற்று அதிகப்படியான சாதனை.

"என்ன, மறுபடியும் நிராகரிப்புதானா?" என்றார் ஓரின்.

"உன்னுது சரியா இருக்கு. என்னுதுதான் இல்ல." ஹல்டா தாளை அவர் பக்கம் திருப்பினார்.

ஓரின் இரண்டு முறை படித்தார். "ஓரமெல்லாம் எலி கடிச்சிருக்கு. இன்னும் ஒரு வரி கடிச்சதா வச்சுக்கலாமே."

"எலிக்கு உன்னவிட நேர்மை இருக்கு ஓரின். அது விட்டு வச்சிருக்கே."

அன்றே ஹல்டா இரண்டு கடிதங்களைத் தட்டச்சு செய்தார். ஒன்று ஓரினைச் சேர்த்துக்கொண்டது. மற்றது தமக்கு: "தங்கள் சான்றுகள் போதுமானவையாக இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்." முறைப்படி தபாலில் போட்டார். மறுநாள் அது வந்ததும் பிரித்துப் படித்து, நடை கொஞ்சம் கடுமைதான் என்று முதல்முறையாக நினைத்தார்.

விருந்தன்று ஓரின் கோட்டு சூட்டோடு ஹல்டாவின் வீட்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு."

"நான் உறுப்பினர் இல்ல."

"ஒரு உறுப்பினர் ஒரு விருந்தாளியக் கூட்டிட்டு வரலாம்னு நீதானே விதி எழுதின?"

"பன்னிரண்டாவது விதி. ஆனா விருந்தாளி கூட்டத்துல வாயத் திறக்கக் கூடாது."

"அதுக்காகத்தான் கூப்பிடறேன்."

ஹல்டா விதியை மனத்துக்குள் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டார்.