குஞ்சம்மாளின் இடது கண்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த பிளக்ஸ் பேனர் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜெயசுதாவைப் பார்த்து முதலில் கேட்பது, "டிசைனர் இல்லீங்களா?" என்றுதான். "நாந்தாங்க, சொல்லுங்க" என்பாள். குரலில் கொஞ்சம் மிடுக்கு இருக்கும். இருக்கட்டுமே, அந்த நாற்காலியை அவளுக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

ஜெயசுதாவுக்கு வயது முப்பத்தெட்டு, வீடு கருணாபுரம், படிப்பு எட்டாவது. பதினைந்து வருடம் சித்தாள் வேலை பார்த்தவள். கலவை சுமந்தாள், செங்கல் சுமந்தாள். கல்வராயன் மலையில் பள்ளிக்கூடக் கட்டடம் கட்டியபோது மூன்று மாதம் வெள்ளிமலையிலேயே தங்கி வேலை செய்தாள். முட்டி மடங்க மறுத்த பிறகுதான் பிரவீன்குமாரின் கடைக்கு வந்தாள். அச்சாகி வரும் பேனரின் ஓரத்தை மடித்து ஒட்டி, கயிறு கட்ட வளையம் அடிப்பதுதான் அவள் வேலை. ஓனர் பிரவீன்குமார் அவளைவிட ஒன்பது வயது சின்னவன், நல்ல பிள்ளை, கொஞ்சம் பயந்தாங்கொள்ளி.

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஆனி மாதம். விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களுக்காகக் கருணாபுரத்தில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டிருந்த நாட்கள் அவை. கண்ணீர் அஞ்சலி பேனர்கள் கடையிலிருந்து போய்க்கொண்டே இருந்தன. எல்லா முகமும் அவளுக்குத் தெரிந்த முகம். படத்தை அவசர அவசரமாக வெட்டியதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு காதே இல்லாமல் அச்சாகியிருந்தது. அதற்கும் அவள்தான் வளையம் அடித்தாள். செத்தவனுக்கு ஒரு காதைக் கொடுக்க இவ்வளவு பெரிய மிஷினால் முடியாதா என்று அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரம் லேசில் அடங்கவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். டிசைனர் ஜீவா வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்ப்பாள். அவன் சாப்பிடப் போகும் நேரத்தில் பிரவீன்குமாரிடம் கேட்டுவிட்டு உட்காருவாள். இங்கிலீஷ் எழுத்து தடுமாறும் என்பதால் டூல் ஒவ்வொன்றையும் அதன் படத்தைப் பார்த்தே அடையாளம் வைத்துக்கொண்டாள். வேண்டியதைச் சுற்றிக் கோடு போட்டு எடுக்க ஒன்று, வேண்டாததை அழிக்க ஒன்று. கிளோன் ஸ்டாம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தைத் தொட்டுவிட்டு, பழுதான இடத்தில் தேய்த்தால், நல்ல இடம் இங்கே வந்து உட்காரும். அதை மட்டும் அவள் முதல் நாளே பிடித்துவிட்டாள். சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்துக்கு ஒட்டுப் போட, பக்கத்தில் என்ன கலவையோ அதேதான் வேண்டும் என்பது சித்தாளுக்குத் தெரியாததா?

லேயர்தான் பிடிபட ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு படத்தையும் தனித் தாளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைப்பதுதான் லேயர். ஜீவா வேலை முடிந்ததும் எல்லாத் தாளையும் ஒன்றாக ஒட்டிவிடுவான். அப்புறம் ஒரு பெயரை மாற்றச் சொன்னாலும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அவள் ஒருநாளும் ஒட்டமாட்டாள், எல்லாம் தனித்தனியாகவே இருக்கும்.

ஜீவா பெங்களூருக்குப் போய்விட்டான். பிரவீன்குமார் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, விழுப்புரத்துல ஒரு பையன சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கெழம வரேன்றான். அதுக்குள்ள தியாகதுருகம் பார்ட்டி ஒன்னு கீது, காதுகுத்து பேனர். நீங்க பண்ணுங்க. ஒரு கொறயும் வரலன்னா நாற்காலி உங்களுது. வந்துச்சுன்னா என்னிய தப்பா நெனக்காதீங்க."

"நெனக்க மாட்டேன் தம்பி" என்றாள்.

குழந்தையின் அம்மா கமலா வாட்ஸ்அப்பில் இருபத்தாறு படம் அனுப்பியிருந்தாள். காதுகுத்து பேனரில் யார் முகம் எங்கே என்பதற்குக் கோர்ட்டு சட்டம் மாதிரி கணக்கு உண்டு. தாய்மாமன் முகம் பெரிதாக வர வேண்டும், சித்தப்பா முகம் அதைவிட ஒரு நூல் சிறிதாக இருக்க வேண்டும். இறந்துபோனவர்கள் மற்ற எல்லோருக்கும் மேலே, மாலையும் பக்கத்தில் விளக்குமாக இருக்க வேண்டும். கடைசியாக வந்தது ஒரு கருப்பு வெள்ளைப் படம். ஸ்டுடியோவில் ஒரு ஆணும் பெண்ணும் விறைப்பாக நிற்கிறார்கள். கூடவே கமலாவின் குரல்: "இது எங்க மாமியாருங்க. மேல வெளக்கு வெச்சுப் போட்டுடுங்க."

அந்தப் பழைய படத்தைப் பார்த்த ஜெயசுதா, இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் மாலை போட்டாள், இரண்டு விளக்கு ஏற்றினாள்.

படம் பல வருடம் மடித்து வைத்திருந்த படம். மடிப்பு சரியாக அந்த அம்மாளின் இடது கண் மேல் விழுந்து, அந்த இடம் வெள்ளையாக உரிந்து போயிருந்தது. ஜீவாவாக இருந்தால் வலது கண்ணை எடுத்துத் திருப்பி ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அவளும் முதலில் அப்படித்தான் செய்தாள். ஒட்டியதும் யாரோ வேறொரு பொம்பளை அவளை முறைத்துப் பார்த்தாள். அழித்தாள். மறுபடி ஒட்டினாள், மறுபடி அழித்தாள். அந்த ஒரு கண்ணுக்கு முழுசாக இரண்டு நாள் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்த அம்மாள் இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தாள். சாயங்காலம் குழந்தையின் அப்பா அஜித்குமார் வந்து பேனரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிப்போனான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தியாகதுருகம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெரியவர், சுருட்டிய பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். தரையில் விரித்துப் போட்டார். பிரவீன்குமார் பேனரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். மேல் வரிசையில் மாலையும் விளக்குமாக இருந்த அதே ஆள், மீசை நரைத்து எதிரே உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அஜித்குமாரின் அப்பா ஆதிமூலம்.

"இத பண்ணது யாரு?" என்றார்.

பிரவீன்குமார் முந்திக்கொண்டான். "அது வந்துங்க, பழைய டிசைனருங்க. வேலய வுட்டுப் போயிட்டான்" என்று சொல்லிக்கொண்டே, வாயைத் திறக்காதே என்று ஜெயசுதாவுக்குக் கண்ணைக் காட்டினான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நாற்காலி தப்பித்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் பேனரை ஜீவா செய்தான் என்றால், அந்தக் கண்ணையும் ஜீவாதான் செய்தான் என்று ஆகிவிடும்.

"நாந்தாங்க பண்ணேன்" என்று எழுந்து முன்னால் வந்தாள். "உசுரோட இருக்கிற உங்களுக்கு வெளக்கு வெச்சுட்டேன். கேக்காம செஞ்சது என் தப்புதாங்க. ஆனா மொத்த வேலயும் என்னுதுதான்."

"வெளக்கு கெடக்குது வுடும்மா. இன்னிக்கு வெச்சா இன்னா, நாலு வருசம் கழிச்சு வெச்சா இன்னா. எம் மருமவதான் வூட்ல அழுதுக்கினு இருக்கா." பெரியவர் குனிந்து மனைவியின் முகத்தில் விரலை வைத்தார். "நான் கேக்கறது இந்தக் கண்ண. இத பண்ணது யாரு?"

"அதுவும் நாந்தாங்க."

"எங் குஞ்சம்மாளுக்கு எடது கண்ணு தம்மாத்தூண்டு சின்னது. அவ போயி இருவத்தாறு வருசம் ஆவுது. எம் புள்ளைக்கே அது ஞாபகம் இல்ல. உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. மடிப்புக்கு ரெண்டு பக்கமும் கண்ணோட ஓரம் மிச்சம் இருந்துது. அளந்து பாத்தேன், வலது கண்ணவுட கம்மியா இருந்துது. செரி, அவங்களுக்கு இருந்த மாதிரியே இருக்கட்டும்னு வெச்சேன்."

பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரவீன்குமார் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். டீயை வாங்கிக்கொண்ட பெரியவர், "எனக்கு மேல எடம் வேணாம். அவள கீழ எறக்கி எம் பக்கத்துல வையி. வெளக்கு அவளுக்கு மட்டும் போதும்" என்றார்.

ஜெயசுதா அவரைச் சுவரோரம் உட்கார வைத்து போனில் ஒரு படம் எடுத்தாள். எல்லாம் தனித்தனித் தாளாக இருந்ததால் அவருடைய மாலையும் விளக்கும் இரண்டே தட்டில் மறைந்தன. குஞ்சம்மாள் கீழே இறங்கி வந்து நரைத்த மீசைக்காரரின் பக்கத்தில் நின்றாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்து, பேனர் மறுபடி அச்சுக்குப் போனது. "தனியா அவ படம் ஒன்னு பெருசா போட்டுக் குடும்மா, வூட்ல மாட்டணும்" என்று அதையும் வாங்கிக்கொண்டுதான் பெரியவர் பஸ் ஏறினார்.

அவர் போனதும் பிரவீன்குமார் விழுப்புரத்துக்கு போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னான். அப்புறமும் அவனுக்கு மனசு ஆறவில்லை.

"நாந்தான் சமாளிச்சு வுட்டேனே. அவரு சண்டக்கி வந்திருந்தா உங்க பொழப்பு இன்னாத்துக்கு ஆவுறது? ஏன்கா வாயத் தொறந்தீங்க?"

"ரெண்டு நாளா ஒக்காந்து அந்தக் கண்ண நான் செஞ்சிருக்கேன் தம்பி" என்றாள் ஜெயசுதா, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டே. "அத ஜீவா செஞ்சான்னு நீங்க சொல்லுவீங்க, நான் கேட்டுக்கினு சும்மா இருப்பனா?"