ஹாலந்துக்காரரிடம் தோற்க மீமிசலிலிருந்து எழுபது கிலோமீட்டர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் போனில் டைப் அடிக்கிறாள். போன ஞாயிறு புதுக்கோட்டையில் ஹாலந்துச் செஸ் மாஸ்டர் ஒருவர் ஒரே நேரத்தில் இருபது பேருடன் ஆடினார். அதில் ஒரு பலகையில் நானும் உட்கார வேண்டும் என்றுதான் போனேன்.

காலை 5.40க்கு மீமிசலில் பஸ். அறந்தாங்கியில் மாற வேண்டும். எழுபது ரூபாய்க்குள் முடியும். 8.15க்குப் புதுக்கோட்டை. மண்டபத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பேரனுக்கா போட்டி என்று டிரைவர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார்.

அந்த ஹாலந்துக்காரரை எனக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது. படகு நிற்கும் எங்கள் கரையில் ஒரு வாத்தியார் பேப்பரில் வரும் ஆட்டங்களை வாசிப்பார். நான் மீன் வைக்கும் ஐஸ் பெட்டி மூடியில் கோடு போட்டுக் காய் நகர்த்துவேன். இளம் வயதிலேயே அவர் தன் நாட்டுச் சாம்பியன். உலகப் பட்டத்தின் வாசல்வரை போய், ஓர் ஆட்டத்தில் தோல்வி என்று கைகொடுத்து எழுந்துவிட்டார். அதோடு பெரிய போட்டிகளில் பெயர் வரவில்லை.

மண்டபத்தில் பெயர் பதிகிறவர் என்னை நிறுத்தினார்.

"ஆடறத தாள்ல எழுதணும் ஐயா. எழுதத் தெரியாதுன்னா ஒக்கார வைக்க முடியாதுங்க."

"மறக்கிறவங்க எழுதட்டும் தம்பி. அவரு தோத்த ஆட்டத்தையே சொல்றேன், சரியான்னு அவருகிட்டயே கேளுங்க."

முதல் நகர்த்தலிலிருந்து சொன்னேன். பெயர் பதிகிறவர் அதை இங்கிலீஷில் சொல்ல, ஹாலந்துக்காரர் எழுந்து வந்து காய்களை வைத்தார். அவர் கைகொடுத்த இடத்தில் நிறுத்தினேன். அவருடைய ராஜாவுக்கு நகர இடமில்லை, சிப்பாய்களும் முட்டி நின்றன. நகரக்கூடியது ஒரு யானைதான். அதை எதிரி ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்துச் செக் கொடுத்துக்கொண்டே போனேன். வெட்டினால் இவருக்கு நகர்த்தக் காயே இல்லை, டிரா; வெட்டாவிட்டால் செக் ஓயாது, அதுவும் டிரா.

அவர் யானையை எடுத்து அதே கட்டங்களில் தானும் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார்.

முப்பத்தெட்டு நகர்த்தலில் தோற்றேன். முடிந்ததும் ஆட்டம் எழுதிய தாள் வேண்டும் என்றார்கள். நான் சொன்னேன், பெயர் பதிந்த தம்பி எழுதினார். இருபத்திரண்டாவது நகர்த்தலில் குதிரை வேறு பக்கம் போனதாகத் தம்பி சொல்ல, ஹாலந்துக்காரர் இல்லையென்று தலையை ஆட்டி, நான் சொன்னதே சரி என்று என்னைக் காட்டினார். தம்பி அடித்து எழுதினார்.

அடுத்த தடவை இப்படி ஆட்டம் வைத்தால், போகிறவர்கள் எட்டரைக்குள் போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், மண்டபத்தில் இல்லை. எழுதத் தெரியாது என்பதற்காக யாராவது எழுந்துபோகச் சொன்னால், போகாதீர்கள்.